கத்தரிப் பாத்தியில் முதலில் பாக்டீரியா, அப்புறம் யூரியா

முதல் முறை காய்கறி போட்டபோது நான் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். உரக்கடையில் யூரியா இரண்டு கிலோவும் அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியா உள்ள உயிர் உரப் பாக்கெட் ஒன்றும் வாங்கி வந்தேன். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கி, நட்டு இரண்டே நாளான கத்தரி நாற்றுகளுக்கு ஊற்றினேன். ஒரே நடையில் இரண்டு வேலை முடிந்தது என்று நினைப்பு. பாதி நாற்று இலை ஓரம் கருகிச் செத்தது. தப்பித்தவை கரும்பச்சையாகத் தளதளவென்று வளர்ந்து, பூக்காமல் இலையாகவே நின்றன. பாக்டீரியாவின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எவ்வளவு குறைத்துப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து சென்ட் கத்தரி, ஓரத்தில் ஒரு வரிசை கொத்தவரை என்று வைத்துக்கொண்டு நட்டதிலிருந்து சொல்கிறேன். தக்காளி, மிளகாய்க்கும் முறை இதேதான், அளவுதான் மாறும்.

காற்றில் இருப்பதும் செடிக்குக் கிடைப்பதும்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. அந்தப் பிணைப்பை உடைக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய முறைதான் இன்றும் யூரியாவுக்கு அடிப்படை. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் நம் தோட்டத்து மண் சூட்டிலேயே செய்துவிடுகின்றன.

சும்மா செய்வதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க அவை குறைந்தது 16 ஏடிபி செலவழிக்க வேண்டும். ஏடிபி என்பது ஆற்றலுக்காக உயிரணு எடுத்துச் செலவழிக்கும் கைச்செலவுப் பணம். அவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பதால், பக்கத்திலேயே அம்மோனியம் தாராளமாகக் கிடைத்தால் அவை அந்த வேலையை நிறுத்திவிடும். அண்டாவில் சோறு இருக்கும்போது யார் உலை வைப்பார்கள்? யூரியாவை அள்ளிப் போட்ட மண்ணில் உயிர் உரம் 'வேலை செய்யவில்லை' என்று பலர் சொல்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

கடையில் கேட்கும்போது பெயர் சரியாகச் சொல்லுங்கள்

'உயிர் உரம் ஒரு பாக்கெட் கொடுங்கள்' என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். ரைசோபியம் பயறு வகைக்கு மட்டும்தான். அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவற்றின் வேரில் முடிச்சுப் போட்டு அதற்குள் குடியிருக்கும். கத்தரிக்கும் தக்காளிக்கும் வெண்டைக்கும் அதை வாங்கினால் காசு வீண்.

கத்தரிக்கு வேண்டியது அசோஸ்பைரில்லம். இது வேருக்குள் முடிச்சுப் போடாது, வேரைச் சுற்றியும் மேல் தோலிலும் ஒட்டிக்கொண்டு வாழும். இது ரைசோபியம் அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன் பெரிய உபகாரம் வேறு: வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து, பக்க வேர்களையும் தூவிகளையும் பெருக்கிவிடும். வேர் பெருகினால் செடி நீங்கள் போட்ட யூரியாவை வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே அசோஸ்பைரில்லத்தை யூரியாவுக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். யூரியாவைக் குறைத்துப் போட உதவும் கூட்டாளி அது.

கூடவே பாஸ்போபாக்டீரியா ஒரு பாக்கெட். மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும்.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பித் தேதி பாருங்கள். பொடி வடிவம் தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம், திரவ வடிவம் ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். தேதி சரியாக இருந்தாலும், கடை வாசலில் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கிய பாக்கெட் கையில் எடுக்கும்போதே சுட்டது. பேசாமல் திரும்பக் கொடுத்திருக்கலாம், கூச்சப்பட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நிழலான, குளிர்ந்த மூலையில் வையுங்கள். பூச்சிமருந்து டப்பாக்களோடு ஒரே அலமாரியில் வேண்டாம்.

தொழுஉரம் இல்லாமல் பாக்டீரியா விடுவது

பட்டினி போட்டுவிட்டு வேலை வாங்குவது மாதிரி. அசோஸ்பைரில்லத்துக்குச் சாப்பாடு மண்ணில் உள்ள மக்கும் பொருளும் வேர் கசியும் சர்க்கரையும்தான். ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம் என்பது பரிந்துரை. ஐந்து சென்ட்டுக்கு 500 கிலோ வரும். கிடைக்காவிட்டால் பாதியாவது போடுங்கள், கடைசி உழவில் அல்லது கொத்தில் கலந்துவிடுங்கள்.

நன்றாக மக்கியதா என்பதை மூக்கே சொல்லிவிடும். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. சாணி நாற்றம் அடித்தாலோ, குவியலுக்குள் கை விட்டால் சூடாக இருந்தாலோ இன்னும் ஒரு மாதம் விடுங்கள். பச்சைச் சாணி போட்டால் வெள்ளைப்புழுவும் சேர்ந்தே வரும்.

மக்காத வைக்கோல், மரத்தூள், தென்னைநார்க் கழிவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் கார்பன் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. தென்னைநார்க் கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கார்பன் உண்டு. அதை மக்கவைக்கும் கிருமிகள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும். மாடித்தோட்டப் பைகளில் புதிதாகத் தொடங்குபவர்கள் 'எல்லாம் போட்டேன், வளரவே இல்லை' என்று சொன்னால், முதலில் நான் கேட்பது நார்க்கழிவு மக்கியதா என்பதைத்தான்.

விதை, நாற்று, நடவு

ஐந்து சென்ட்டுக்குக் கத்தரி விதை பத்து கிராம் போதும். விதை சிவப்பு, நீலம் என்று சாயம் பூசி வந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்தது. அதன்மேல் பாக்டீரியா பூசிப் பயனில்லை. அந்த விதைக்கு நேர்த்தியை விட்டுவிட்டு நாற்று நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயம் இல்லாத விதை என்றால், ஆறின அரிசிக் கஞ்சி சில சொட்டு விட்டு விதையை ஈரமாக்கி, அரை ஸ்பூன் அசோஸ்பைரில்லம் தூவிப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். கஞ்சி கட்டாயம் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் பாக்டீரியா அவிந்துவிடும்.

நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்கு வரும். அன்றைக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் 100 கிராம் அசோஸ்பைரில்லம் கரைத்து, நாற்றின் வேர்ப்பகுதியை 15 முதல் 20 நிமிடம் முக்கி வைத்து நடுங்கள். குழித்தட்டு நாற்றாக இருந்தால் தட்டின் அடிப்பகுதி நனைகிற மாதிரி வைத்தால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள். மிஞ்சிய கரைசலைக் கீழே கொட்டாமல் நட்ட குழிகளில் ஊற்றுங்கள்.

பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் 100 கிராமையும் பாஸ்போபாக்டீரியாவையும் நடவுக்கு ஒரு வாரம் முன்பே பத்து கிலோ பொடித்த தொழுஉரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு நிழலில் மூடி வைப்பது என் வழக்கம். அந்த ஒரு வாரத்தில் பாக்டீரியா தொழுஉரத்திலேயே பெருகிவிடும். நடும்போது குழிக்கு ஒரு சிறு கை. வெயில் தாழ்ந்த பிறகு நட்டால் நாற்றுக்கும் நல்லது, பாக்டீரியாவுக்கும் நல்லது.

இந்தக் கலவையில் யூரியா, சாம்பல், பூஞ்சாணக்கொல்லி மூன்றும் சேரக்கூடாது. நாற்றழுகலுக்குத் தாமிர மருந்து ஊற்றியிருந்தால் பத்து நாளாவது கழியட்டும்.

யூரியா: கணக்கும் கையளவும்

கத்தரி ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து அடியுரமாக, இன்னொரு 50 கிலோ நட்ட 30-ஆம் நாள் மேலுரமாக. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஐந்து சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 4.4 கிலோ யூரியா. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் உள்ள அளவுதான் முதல், இது அடுத்தது.

அசோஸ்பைரில்லமும் தொழுஉரமும் சரியாகக் கொடுத்திருந்தால் கால் பங்கு யூரியாவைக் குறைக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 3.3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இன்னும் குறைக்கலாமா என்பதை உங்கள் மண்தான் சொல்ல வேண்டும். முதல் பருவத்திலேயே யூரியாவை முழுதாக நிறுத்திவிட்டு, ஒரு பாக்கெட் பொடி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

நடவன்று நான் யூரியா போடுவதில்லை. வேர் பிடிக்காத நாற்றால் அதை எடுக்கவும் முடியாது, பாக்டீரியா வேரில் ஒட்டி நிலைக்கவும் அவகாசம் வேண்டும். 15-ஆம் நாள், 30-ஆம் நாள், 50-ஆம் நாள் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஐந்து சென்ட்டில் 550 செடிக்குப் பக்கமாக வரும். ஒரு தடவைக்கு ஒரு செடிக்கு 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். இவ்வளவுதான். என் வாளிக் கதையில் கருகிய செடிகளுக்குப் போனது இதைப்போலப் பல மடங்கு.

போடும் விதம் அளவைவிட முக்கியம். தண்டிலிருந்து நான்கைந்து விரல்கடை தள்ளிச் சிறு குழி, அதில் யூரியா, மேலே மண் மூடல், பிறகு லேசான பாசனம். ஏன் மூட வேண்டும்? ஈரம் பட்டதும் மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். மேல்மண்ணில், வெயிலில், அதுவும் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அது நடந்தால் அம்மோனியா காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கியதைக் காற்றுக்குக் கொடுப்பது. மூடிவிட்டால் அது அம்மோனியமாக மண்ணில் தங்கும்.

அங்கிருந்து இன்னொரு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களை யாரும் பாக்கெட்டில் விற்பதில்லை, எல்லா மண்ணிலும் தாமாகவே இருக்கும். அவை அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். செடி விரும்பி எடுப்பதும் அதைத்தான், தண்ணீரோடு எளிதாகக் கீழே இறங்கி ஓடிவிடுவதும் அதுதான். ஐப்பசி மழை கொட்டப்போகிறது என்று தெரிந்தால் யூரியாவைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம்: காற்றில்லாத மண்ணில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் திரும்பக் காற்றுக்கே அனுப்பிவிடும்.

2015 முதல் இந்தியாவில் வரும் யூரியா ஏறக்குறைய முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதுதான். அந்தப் பூச்சு நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கிறது. அது போதாது என்று பலர் ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவார்கள். மணல் சாரியான நிலத்தில் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் யூரியாவோடு சாம்பலைக் கலக்கவே கூடாது. சாம்பலின் காரத்தன்மையால் உங்கள் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் ஓடிப்போகும்.

மஞ்சள் இலையெல்லாம் யூரியா கேட்கவில்லை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இலை மஞ்சள் என்றதும் யூரியாவை எடுப்பார்கள். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள்.

அடி இலை முதலில், ஒரே சீராக வெளிறி, மேல் இலை இன்னும் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. இதற்கு யூரியா சரி. அவசரம் என்றால் லிட்டருக்கு 10 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலைமேல் தெளிக்கலாம்.

கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் சகஜம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் தெளியும். யூரியா போட்டால் ஒன்றும் ஆகாது.

வெண்டையில் நரம்பு மஞ்சளாகவும் இடைப்பகுதி பச்சையாகவும் வலை பின்னியது போலத் தெரிந்தால் அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. அதைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். அந்த நேரத்தில் யூரியா கொடுத்தால் பக்கத்துச் செடிகளில் இளந்தளிர் பெருகி, வெள்ளை ஈக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும்.

அடி இலை மஞ்சளாகி மண்ணும் சேறாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

யூரியா மிஞ்சிய செடி எப்படி இருக்கும் என்றால், பார்க்க அழகாக இருக்கும்! அதுதான் சிக்கல். கரும்பச்சை இலை, கொழுத்த மெத்தென்ற தண்டு, பூ குறைவு, வந்த பூவும் உதிரும், அசுவினி கூட்டமாக ஏறும். தக்காளியில் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவதும் இதனால் கூடும். அம்மோனியம் மிகுந்தால் செடி சுண்ணாம்புச் சத்தை எடுப்பது குறைந்துபோகிறது. அப்படி ஆகிவிட்டால் அடுத்த தவணையை விட்டுவிடுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

கொத்தவரை வரிசை

இதற்கு ரைசோபியம் விதை நேர்த்தி, கத்தரிக்குச் சொன்ன அதே கஞ்சி முறை. தொழுஉரமும் மணிச்சத்தும் கொடுங்கள். முடிச்சு உருவாகும் முதல் மூன்று நான்கு வாரத்தில் யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு விழுவதே குறையும். மிகவும் மெலிந்த மண் என்றால் விதைக்கும்போது கொஞ்சம் போடலாம், அதோடு சரி. எல்லாப் பயறும் இதில் ஒன்றல்ல. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போடும் பீன்ஸ் முடிச்சு விடுவதில் சோம்பேறி, அதற்கு உரம் கொடுத்துத்தான் வளர்க்கிறார்கள்.

40 நாள் கழித்து ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு அகழ்ந்து எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

நண்பர் ஒருவர் கத்தரிச் செடியைப் பிடுங்கி, 'பார்த்தீர்களா, எவ்வளவு முடிச்சு!' என்று சந்தோஷமாகப் படம் அனுப்பினார். கத்தரிக்கு ரைசோபிய முடிச்சு வரவே வராது. அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வேரின் நல்ல முடிச்சு பக்கத்தில் ஒட்டிய மணி போல இருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்துப்போய் இருக்கும், கழலாது. அப்படித் தெரிந்தால் அந்தப் பாத்தியில் அடுத்து தக்காளி, வெண்டை வைக்காதீர்கள். செண்டுமல்லி ஒரு போகம் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வரிசையை விட்டு வையுங்கள்

கத்தரியில் ஒரு வரிசைக்குப் பாக்டீரியா கொடுக்காமல், மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரி செய்யுங்கள். இன்னொரு வரிசைக்குப் பாக்டீரியாவோடு யூரியாவைப் பாதியாக்குங்கள். இரண்டுக்கும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், நினைவில் நிற்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு பறிப்பிலும் அந்த வரிசைக் காயைத் தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சில மண்ணில் நல்ல வித்தியாசம் தெரியும், தொழுஉரம் ஏற்கெனவே செழிப்பாக விழுந்த பழைய தோட்டத்தில் தெரியாமலும் போகும். பாதி யூரியா வரிசை மற்றதற்குச் சமமாகக் காய்த்தால் அடுத்த போகத்துக்கு அந்த அளவே போதும்.

கொத்தவரை முடிந்ததும் வேரோடு பிடுங்காதீர்கள். தண்டை மண் மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை அப்படியே மக்க விடுங்கள், பிடித்து வைத்த தழைச்சத்தில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அந்த வரிசையில் அடுத்து நான் போடுவது அரைக்கீரை. அதற்கு யூரியா தவணையில் ஒன்றை விட்டுவிட்டு, அடி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.